சட்டமன்றத்தார்க்கு மதிப்பெண்

விடைத்தாள் திருத்துவது நம் தொழில். அதுபோலச் சட்டமியற்றுவோரின் வாக்குகளையும் திருத்தி மதிப்பெண் இடலாமே என்னும் எண்ணம் எழுவது இயல்பு. அமெரிக்காவில் 1971இல் டேவிட் நோலன் என்பார், தனிமனித உரிமை, பொருளியல் உரிமை என்னும் இரண்டு அளவுகோல்களால் அரசியல் நிலைப்பாடுகளை அளக்க வழிகாட்டினார். உறுப்பினர்தம் வாக்குகளை எண்ணி மதிப்பெண் வெளியிடும் அமைப்புகளும் அங்கே உண்டு.

நம் நாட்டில் இதற்குத் தடைகள் இரண்டு.

முதலாவது, விடைத்தாளே இல்லாமை. 2019 ஆகஸ்டில் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புத் திருத்தம் மாநிலங்களவையில் 147க்கு 42 என நிறைவேறியது. தனிமனித உரிமையைத் தொடும் அவ்வாக்கெடுப்பின் கணக்கு ஏட்டில் உள்ளது. பொருளியலைத் தொடும் வேளாண் முன்வடிவுகள் இரண்டு, 2020 செப்டம்பர் 20இல் அதே அவையில் குரல் வாக்கெடுப்பால் நிறைவேறின. எவர் எப்பக்கம் என்பது பதிவாகவில்லை.

இரண்டாவது, பிறர் சொல்ல எழுதிய விடை. 1985ஆம் ஆண்டின் 52ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, கொறடாவின் ஆணையை மீறி வாக்களிப்பவர் பதவியிழக்க நேரும். ஆகவே உறுப்பினர் பெறும் மதிப்பெண் கட்சிக்கே உரியதாகிறது. நம்பிக்கை வாக்கெடுப்பு போன்றவற்றோடு இத்தண்டனையை நிறுத்திக்கொள்ளுமாறு 1990இல் தினேஷ் கோஸ்வாமி குழு பரிந்துரைத்தது, அது நிறைவேறவில்லை.

தென்சென்னைத் தொகுதிக்கு வாக்குக் கேட்டு அபிராமபுரம் வருவோரிடம் குடிநீரையும் சாலையையும் பற்றிக் கேட்கிறோம். "எச்சட்டத்திற்கு எவ்வாறு வாக்களித்தீர்?" என்று கேட்பதில்லை. இனிக் கேட்போம், கேள்வி எழுந்தால்தான் விடைத்தாளும் பிறக்கும்.