கையில் வளர்ந்த சேவல் ஏன் பாய்கிறது?

பஞ்சு உருண்டை போல இருந்த குஞ்சு. உள்ளங்கையில் உறங்கியது, தோளில் ஏறி உட்கார்ந்தது, பள்ளி விட்டு வந்தால் ஓடி வந்து காலைச் சுற்றியது. ஐந்து மாதம் ஆனதும் அதே சேவல் கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு, தீனி வைக்கப் போன பிள்ளையின் முழங்காலில் பாய்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் வீட்டுக்குப் பின்னால் ஒன்றிரண்டு கம்பத்துக்கோழி வளர்ப்பவர்கள் இப்படியொரு சேவலைப் பார்த்திருக்கலாம். "வளர்த்த கடா மார்பில் பாய்ந்த கதைதான்" என்பார் பாட்டி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேவல் குழம்பாகிவிடும்.

சேவலுக்கு நன்றி இல்லையா? கோழியின் நடத்தையை ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. அந்தச் சேவல் உங்களை வெறுக்கவில்லை. உங்களையும் ஒரு சேவல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. இது எப்படி நேர்கிறது என்று தெரிந்தால், என்ன செய்யலாம் என்பதும் தெரியும்.

முதல் மூன்று நாள்

டக்ளஸ் ஸ்பால்டிங் என்ற ஆங்கிலேயர் 1873ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் எதையும் பார்க்கும் முன்பே அவற்றின் தலையைச் சிறு துணியால் மூடினார். வெவ்வேறு நாள்களில் துணியை அகற்றிப் பார்த்தார். முதல் மூன்று நாளுக்குள் கண் திறந்தவை, அசையும் எதையும் தாயாக நினைத்துப் பின்தொடர்ந்தன. நான்கு நாள் வரை மூடி வைக்கப்பட்ட குஞ்சோ, அவரைக் கண்டதும் மிரண்டு ஓடியது.

குஞ்சின் மூளையில் ஒரு கதவு சில நாள்கள் மட்டும் திறந்திருக்கிறது. அந்த நேரத்தில் எது முன்னால் நடமாடுகிறதோ அதுவே தாய், அதுவே தன் இனம் என்று பதிந்துவிடும். இதற்கு இம்பிரிண்டிங் என்று பெயர். தமிழில் பதிவுக் கற்றல் எனலாம். வாத்துக் குஞ்சுகளைத் தன் பின்னாலேயே நடக்க வைத்த கொன்ராட் லோரன்ஸ் 1935இல் இதை விரிவாக விளக்கினார். விலங்கு நடத்தை ஆய்வுக்காக 1973இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

தாய்க்கோழி இல்லாமல், உடன்பிறந்த குஞ்சுகளும் இல்லாமல், அட்டைப்பெட்டியில் தனியாக வளரும் குஞ்சுக்கு உங்கள் கையும் காலும்தான் கோழிக்கூட்டம். மனிதனைக் கண்டால் விலக வேண்டும் என்ற அச்சமும் அதற்கு வளர்வதில்லை. குஞ்சுப் பருவத்தில் இதனால் எந்தத் தொல்லையும் இல்லை. தொல்லை வருவது கொண்டை சிவக்கும்போது.

ரத்தத்தில் வந்த மாற்றம்

ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் 1849இல் அர்னால்ட் பெர்த்தோல்ட் என்ற பேராசிரியர் ஆறு இளஞ்சேவல்களை வைத்து ஒரு சோதனை செய்தார். சிலவற்றின் விந்தகங்களை முழுவதும் நீக்கினார். அவற்றின் கொண்டை வளரவில்லை. அவை கூவவில்லை, சண்டையும் போடவில்லை. மற்றவற்றுக்கு, நீக்கிய விந்தகம் ஒன்றை வயிற்றுக்குள் வேறோர் இடத்தில் வைத்தார். அவை வழக்கமான சேவல்களாகவே வளர்ந்தன: சிவந்த கொண்டை, கூவல், சண்டை எல்லாம் இருந்தன.

இடம் மாற்றிய விந்தகத்துக்குப் பழைய நரம்பு இணைப்பு கிடையாது. அப்படியானால் அது ஏதோ ஒரு பொருளை ரத்தத்தில் கலந்துதான் உடல் முழுவதையும் மாற்றியிருக்க வேண்டும். ஹார்மோன் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் நடந்த சோதனை இது. அந்தப் பொருளான டெஸ்டோஸ்டீரோன் 1935இல்தான் தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்டது. அதைத் தேடிய ஆய்வாளர்களுக்கு உதவியதும் சேவல்தான். விந்தகம் நீக்கிய சேவலின் கொண்டை எவ்வளவு வளர்கிறது என்பதே அவர்களுடைய அளவுகோல்.

உங்கள் சேவலுக்கும் இதுவே நடக்கிறது. நான்கைந்து மாதத்தில் கொண்டையும் தாடியும் சிவந்து பருக்கின்றன. குரல் உடைந்து கூவத் தொடங்குகிறது. காலின் பின்புறம் முள் முளைக்கிறது. கூடவே, "இங்கே யார் பெரியவன்?" என்ற கேள்வியும் பிறக்கிறது.

கொத்து வரிசை

கோழிகளுக்கு அது முக்கியமான கேள்வி. நார்வே நாட்டின் தோர்லைஃப் ஷெல்டெருப்-எபே சிறு வயதிலிருந்தே கோழிகளைக் கவனித்துக் குறிப்பெழுதி வந்தவர். யார் யாரைக் கொத்தலாம், யார் யாருக்கு விலக வேண்டும் என்று கூட்டத்தில் தெளிவான வரிசை இருப்பதை அவர் கண்டார். 1921இல் ஆய்வேடாகவும் எழுதினார். வரிசை முடிவாகிவிட்டால் சண்டை குறைந்துவிடும். ஒரு முறைப்பே போதும்.

கூவுவதில்கூட இந்த வரிசை உண்டு. விடியலில் கூட்டத்தின் தலைமைச் சேவலே முதலில் கூவுகிறது. மற்றவை தகுதி வரிசைப்படி பின்தொடர்கின்றன. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் இதைக் காட்டினார்கள்.

இந்தப் பழக்கம் காட்டிலிருந்து வந்தது. வீட்டுக்கோழியின் முன்னோர் செந்நிறக் காட்டுக்கோழி. மலாயில் ஆயாம் ஹூத்தான். அது இன்றும் நம் நாட்டில் வாழ்கிறது. செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செம்பனைத் தோட்டங்களில் அதன் வாழ்க்கையை ஆராய்ந்திருக்கிறார்கள். கூட்டத்தில் வளரும் இளஞ்சேவல் அத்து மீறினால் பெரிய சேவல் விரட்டும். மூத்த பெட்டைகளும் தலையில் ஒரு கொத்துக் கொடுக்கும். அடங்கவும் விலகவும் அது அப்படித்தான் கற்கிறது.

வீட்டில் தனியாக வளர்ந்த சேவலுக்கு இந்தப் பாடத்தை யாரும் சொல்லித் தரவில்லை. அது அறிந்த ஒரே "கோழி" நீங்கள். ஆகவே போட்டியும் உங்களோடுதான்.

குற்றம் கையின்மேல் அல்ல

அப்படியானால் குஞ்சைக் கையால் தொடவே கூடாதா? இதற்கு விடை தரும் ஆய்வு ஒன்று காளைகளில் நடந்தது. கலிபோர்னியாவில் எட்வர்ட் பிரைஸும் அவருடைய சக ஆய்வாளரும் கன்றுகளுக்குக் கையால் பால் புகட்டி வளர்த்தார்கள். சிலவற்றைத் தனித்தனியாக அடைத்தார்கள். சிலவற்றைக் கூட்டமாக விட்டார்கள். வளர்ந்த பிறகு, தனியாக இருந்த காளைகளில் பெரும்பாலானவை மனிதரைத் தாக்கின அல்லது மிரட்டின. கூட்டத்தில் வளர்ந்தவற்றில் மிகச் சிலவே அப்படிச் செய்தன. முடிவுகள் 1990இல் வெளியாயின.

இரண்டு குழுவுக்கும் பால் புகட்டியது மனிதக் கைதான். வேறுபாடு தனிமை மட்டுமே. காளையும் சேவலும் ஒன்றல்ல. ஆனாலும் கோழி வளர்ப்பில் பழகியவர்கள் சொல்லும் அறிவுரையும் இதுதான்: குஞ்சை ஒற்றையாக வாங்காதே. மூன்று நான்கு குஞ்சுகளைச் சேர்த்து வளர்த்தால், அவை உங்களோடு பழகும். தம்மைக் கோழி என்றும் அறிந்திருக்கும்.

பாய்வதற்கு முன் தெரியும் குறிகள்

சேவல் பெரும்பாலும் சொல்லாமல் பாய்வதில்லை. ஒரு சிறகைத் தாழ்த்தித் தரையில் உரசியபடி பக்கவாட்டில் நகர்ந்து வரும். ஒரு கண்ணால் உங்களையே நோக்கும். தரையில் இரை இல்லாவிட்டாலும் கொத்துவதுபோல் பாவனை செய்யும். பிறகு தலையைத் தாழ்த்திக் கழுத்து இறகை விரிக்கும். அடுத்தது, இரு கால்களையும் முன்னே நீட்டிய பாய்ச்சல். முதல் குறி தெரிந்ததுமே அதன்மேல் ஒரு கண் வையுங்கள்.

என்ன செய்யலாம்?

அடிக்காதீர்கள், உதைக்காதீர்கள். சேவலின் மொழியில் அது "போட்டிக்கு நான் தயார்" என்று பொருள். ஒவ்வொரு சண்டையும் அதற்கு ஒரு பயிற்சி.

ஓடவும் செய்யாதீர்கள். அது பாய்ந்து, நீங்கள் ஓடினால், பாய்ந்ததற்குப் பலன் கிடைத்ததாக அதன் மூளை குறித்துக்கொள்ளும். பலன் தரும் செயலை எந்த விலங்கும் திரும்பச் செய்யும். நீள்காற்சட்டையும் மூடிய காலணியும் அணிந்து போங்கள். ஒரு தட்டையோ ஈர்க்கு விளக்குமாற்றையோ இடையில் தடுப்பாகப் பிடியுங்கள். அதால் அடிக்க வேண்டாம். நின்ற இடத்தில் அமைதியாக நில்லுங்கள். அது ஆர்வம் இழந்து மண்ணைக் கிளறத் தொடங்கிய பிறகு மெதுவாக விலகுங்கள்.

கையால் ஊட்டுவதை நிறுத்துங்கள். தீனியைத் தொட்டியில் இட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். மடியில் வைத்துக் கொஞ்சுவதும், விளையாட்டாகச் சீண்டுவதும் வேண்டாம். அதன் எதிரே பெட்டைகளைப் பிடித்துத் தூக்காதீர்கள்.

இடம் இருந்தால் பெட்டைகளோடு விடுங்கள். ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பெட்டைகள் என்பது வழக்கமான கணக்கு. ஒரேயொரு பெட்டையோடு விட்டால் அது பாவம், அதன் முதுகு இறகெல்லாம் போய்விடும். பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியிலோ கிள்ளான் தாமானின் வரிசை வீட்டிலோ இந்தக் கணக்கு ஒத்து வராது. கூவல் அண்டை வீட்டாரின் உறக்கத்தையும் கெடுக்கும். குஞ்சு வாங்கும் முன்பே உங்கள் மாநகர் மன்றத்தின் விதியைப் பெற்றோரிடம் கேட்டறியச் சொல்லுங்கள்.

சிறு பிள்ளைகளையும் முதியவர்களையும் அதன் அருகில் தனியே விடாதீர்கள். ஒரு சிறு பிள்ளையின் கண் சேவல் பாயும் உயரத்தில் இருக்கிறது. முதியவர்களின் காலில் புடைத்த நரம்பு இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். சேவல் கொத்தியதில் அத்தகைய ரத்தக்குழாய் கிழிந்து ஒரு மூதாட்டி இறந்ததை ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் பதிவு செய்தார்கள். காயம் பட்டால் ஓடும் நீரில் சோப்பு போட்டுக் கழுவி, பெரியவரிடம் சொல்லி, மருந்தகத்தில் காட்டுங்கள்.

மாறாத சேவலும் உண்டு

இவ்வளவு செய்தும் சில சேவல்கள் மாறுவதில்லை. வளர்ப்போடு பரம்பரையும் சேர்ந்தே குணத்தை அமைக்கிறது. கிளந்தானில் உருவான செராமா இனத்தைப் பாருங்கள். அரைக் கிலோவுக்கும் குறைவான எடையுள்ள இந்தக் குட்டிச் சேவல், மேசைமேல் நெஞ்சை நிமிர்த்தி நின்று மனிதர் நடுவே அழகுப் போட்டியில் கலந்துகொள்கிறது. மனிதரோடு இணங்கிப் போகும் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததன் விளைவு அது.

சண்டைச் சேவல்களில் இன்னொரு வியப்பு. மற்றொரு சேவலைக் கண்டால் உயிரைக் கொடுத்துப் போரிடும் அசில் இனம், தன்னை வளர்ப்பவரிடம் பொதுவாகச் சாதுவாக இருக்கும். ஆகவே சேவலோடு சண்டையிடும் குணம் வேறு, மனிதரைத் தாக்கும் குணம் வேறு. தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் சண்டைச் சேவல் ஒன்றுக்கு எடுத்த நடுகல் இருக்கிறது. ஏறக்குறைய 1,500 ஆண்டுப் பழமையானது. இன்று மலேசியாவில் விலங்குகளை மோதவிடுவது 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டப்படி குற்றம். "முரட்டுச் சேவல்தானே, கொடுங்கள்" என்று யாராவது கேட்டால் எதற்கு என்று விசாரியுங்கள்.

மாறாத சேவலைக் கூட்டமும் இடமும் உள்ள தோட்டத்துக்கு அனுப்பலாம். அதற்கும் வழியில்லாவிட்டால் குடும்பம் வேறு முடிவு எடுக்க நேரலாம். அதைக் கொடுமை என்று சொல்லிவிட முடியாது. தம்பி தங்கையின் கண் பெரிது. ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் ஒரு மாதமாவது மேலே சொன்னவற்றைச் செய்து பார்க்கும் கடமை, அதை வீட்டுக்குக் கொண்டுவந்த நமக்கு உண்டு.

அந்த ஒரு மாதத்துக்கு ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். வேலிக்கு வெளியே நின்று நாள்தோறும் பத்து நிமிடம் பாருங்கள். எந்த நேரத்தில் பாய்ந்தது, யார்மேல், அதற்கு முன் என்ன குறி காட்டியது, நீங்கள் அசையாமல் நின்றபோது எத்தனை நொடியில் விலகியது என்று எழுதுங்கள். மாத இறுதியில் முதல் வாரத்தையும் கடைசி வாரத்தையும் ஒப்பிட்டால், சேவல் மாறுகிறதா இல்லையா என்பதை எண்களே சொல்லிவிடும். ஷெல்டெருப்-எபே கொத்து வரிசையைக் கண்டறியத் தொடங்கியதும் இப்படியொரு சிறுவர் குறிப்பேட்டிலிருந்துதான்.