குடிநீர்த் தொட்டியும் கணக்குப் புத்தகமும்

இம்மலருக்கு நான் ஆண்டுதோறும் எழுதி வருவது கல்வெட்டு, ஏட்டுச்சுவடி, பள்ளிச்சந்தம் என்று பழைய சரக்காகத்தான் இருக்கும். இந்த முறையும் திருநறுங்கொண்டை பற்றி எழுதுவதாகத்தான் மலர்க் குழுவினரிடம் ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்தால் மனசு அதில் போகவில்லை. பத்து வருஷமாகச் சொல்ல நினைத்து, சொல்லாமல் தள்ளிப்போட்டு வந்த விஷயம் ஒன்று உண்டு. நாம் பலரும் குடியிருக்கும் லேஅவுட்டுகளிலும் அடுக்ககங்களிலும் இருக்கும் பொதுத் தண்ணீர்த் தொட்டி பற்றியது அது.

நான் டாக்டரும் அல்ல, எஞ்சினியரும் அல்ல. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வந்தவாசிப் பக்கத்திலிருந்து பெங்களூர் வந்து ஹார்டுவேர் கடை வைத்தவன். (கடைக்கு வருபவர்கள் ஜைனர் என்றதும் மார்வாடி என்று நினைத்து இந்தியில் பேசுவார்கள். நாங்கள் தமிழ் நயினார்கள் என்று விளக்குவதற்குள் வியாபாரம் முடிந்துவிடும்.) தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடரை மூட்டை மூட்டையாக விற்றவன் என்ற ஒரே தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

தண்ணீரை வடிகட்டாமல் வாயில் வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் சின்ன வயதிலேயே பழக்கியது. அம்மா குடத்து வாயில் வெள்ளைத் துணியை மடித்துப் போட்டுத்தான் நீர் ஊற்றுவார். வடிகட்டிய பிறகு துணியில் தங்கியதை அலசி, எடுத்த கிணற்றிலேயே திரும்ப விடுவார். அந்த நுண்ணுயிர்களும் சாகக் கூடாது என்பது நோக்கம். அகிம்சைக்காக ஏற்பட்ட இந்தப் பழக்கத்துக்கு உடல்நலப் பயனும் உண்டு என்பது பிற்பாடு ஆராய்ச்சியில் தெரிந்தது. வங்கதேசத்தில் மத்லப் என்ற பகுதியில் பழைய புடவைத் துணியைக் குறைந்தது நான்கு மடிப்பாக மடித்துத் தண்ணீரை வடிகட்டச் சொல்லிப் பார்த்தார்கள். காலரா ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது என்று 2003இல் வெளியிட்டார்கள். காலராக் கிருமி நீரில் வாழும் சின்னஞ்சிறு பூச்சிகளைப் பற்றிக்கொண்டு வருவது. துணி அந்தப் பூச்சியைத் தடுத்துவிடுகிறது.

துணி தடுக்காதது ஒன்று இருக்கிறது. வைரஸ். அது துணியையும் தாண்டும், கேண்டில் ஃபில்டரையும் தாண்டும். தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கலைத் தெளிய வைத்தாலும் போகாது. தெளிந்த நீர் வேறு, நல்ல நீர் வேறு. கொதிக்க வைத்தால்தான் சாகும். நீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்து ஒரு நிமிடம் போனாலே போதும். கொதித்த நீரைத்தான் குடிக்க வேண்டும், அதுவும் ஒரு நாளுக்குள் என்று எங்கள் முனிவர்களுக்கு விதி உண்டு. பெங்களூர் வந்து, குழாயைத் திறந்தால் காவிரி என்று ஆனபிறகு, நாங்கள் துணியை மட்டும் வைத்துக்கொண்டு அடுப்பை விட்டுவிட்டோம்.

காவிரி முதல் திட்டம் 1974இல் இந்நகருக்கு வந்தது. அங்கே சுத்திகரித்து குளோரின் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் நமக்கு நாள் முழுக்க வருவதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள், சில மணி நேரம். தண்ணீர் ஓடாத நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்காது. பக்கத்தில் சாக்கடைக் கசிவு இருந்தால், விரிசல் வழியாக அது உள்ளே போகும். வருகிற தண்ணீரை நாம் தரைக்கடியில் உள்ள சம்ப்பில் பிடித்து, மோட்டார் போட்டு மேல்தொட்டிக்கு ஏற்றுகிறோம். போதாததற்கு போர்வெல் நீரும் டேங்கர் நீரும் அதே சம்ப்பில்தான் விழும். குடிநீர் வாரியத்தின் பொறுப்பு மீட்டரோடு தீர்ந்தது. மீட்டருக்கு இந்தப் பக்கம் வாரியம், சுத்திகரிப்பு நிலையம், ஆய்வுக்கூடம் எல்லாமே நாம்தான், அதாவது நமது வாட்டர்மேன்தான். இந்த விஷயம் பலருக்கும் உறைப்பதில்லை.

எங்கள் லேஅவுட்டில் 64 வீடுகள். சம்ப் 40,000 லிட்டர். நான் குடியிருப்போர் சங்கப் பொருளாளர். 2015 செப்டம்பரில் மழை பிடித்துக்கொண்டது. சம்ப்பின் உபரிநீர்க் குழாயை, கட்டினவர் யாரோ, நேராகச் சாக்கடைச் சேம்பரில் சேர்த்து வைத்திருந்தார். மழையில் சாக்கடை அடைத்து ஏறியபோது, சம்ப்பிலிருந்து வெளியே போக வேண்டிய குழாய் வழியாகவே கழிவு உள்ளே வந்திருக்கிறது. நாற்றம் பெரிதாக இல்லை. ஒரே ஒரு நாள் தண்ணீர் லேசாகக் கலங்கி வந்தது. “பவுடர் போட்டியாப்பா?” என்று கேட்டேன். “ரெண்டு மடங்கா போட்டுட்டேன் அண்ணா” என்றான் வாட்டர்மேன். உண்மையாகவே போட்டிருந்தான்.

அக்டோபர் பாதியில் ஒவ்வொரு வீடாக மஞ்சள் காமாலை. மொத்தம் பதினோரு பேர். அதில் ஒருத்தி என் மருமகள், ஏழு மாதக் கர்ப்பிணி. ஹெபடைடிஸ் ஈ என்றார்கள். சாதாரணமாகத் தானே குணமாகிவிடும் இந்தக் காமாலை, கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் மட்டும் உயிரைக் குடிக்கும். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவள் பிழைத்தாள். குழந்தை தங்கவில்லை.

டாக்டர் என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. “இது உடம்புக்குள்ளே போய் வெளியே தெரிய ரெண்டு வாரத்திலிருந்து பத்து வாரம் வரைக்கும் ஆகும் சார். ஒரு மாசம் ஒன்றரை மாசம் முன்னாடி உங்க தண்ணியிலே குளோரின் எவ்வளவு இருந்தது?” என்றார். என்னிடம் பதில் இல்லை. மோட்டார் ரிப்பேர், வாட்ச்மேன் சம்பளம், டேங்கர் வாடகை என எல்லாவற்றுக்கும் பைசா பிசகாமல் கணக்கு வைத்திருந்தேன். தண்ணீருக்கு ஒரு வரி இல்லை. நோய் தெரியும்போது அந்தத் தண்ணீர் எப்போதோ குடித்துத் தீர்ந்திருக்கும், பிறகு எந்த லேபுக்கு எதை அனுப்புவது?

பவுடர் ரெட்டிப்பாகப் போட்டும் ஏன் வேலை செய்யவில்லை? அந்த மூட்டை என் கடையினுடையது. ஜூனில் பிரித்து, ஈரக் கோடவுனில் கிடந்து, விலை போகாத மூட்டை. ஜலதானம் என்று சங்கத்துக்கு இலவசமாகக் கொடுத்தேன். பிற்பாடு மிச்சத்தை ஒரு கல்லூரி ரசாயன ஆசிரியரிடம் கொடுத்துச் சோதித்தேன். புதுப் பவுடரில் கிடைக்கக்கூடிய குளோரின் சுமார் 33 சதவீதம் இருக்க வேண்டும். இதில் 9 இருந்தது. காற்றும் ஈரமும் வெளிச்சமும் பட்டால் அது சுண்ணாம்பாகிவிடும். பார்வைக்கு அதே வெள்ளைத் தூள், அதே நெடிகூடக் கொஞ்சம் இருக்கும்.

எங்களுக்கு நேர்ந்தது புதிதும் அல்ல. 1955 நவம்பரில் தில்லியில் நஜஃப்கர் சாக்கடை நீர், யமுனையில் வஜீராபாத் நீரேற்று இடம் வரை எதிரேறி வந்து குடிநீரில் கலந்தது. அங்கேயும் குளோரின் போட்டார்கள். டைபாய்டும் வயிற்றுக்கடுப்பும் பரவவில்லை, பாக்டீரியா செத்துவிட்டது. ஆனால் அடுத்த இரண்டு மாதத்தில் சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்தது. கர்ப்பிணிகள்தான் அதிகம் அடிபட்டார்கள். அது எந்த வைரஸ் என்பதே 1980களில்தான் தெளிவானது. பாக்டீரியாவைக் கொல்லும் குளோரின், கழிவு கலந்து கலங்கிய நீரில் உள்ள வைரஸைக் கொல்லப் போதாது.

இதையெல்லாம் வைத்துத்தான் நம் நாட்டுக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 எழுதப்பட்டிருக்கிறது. 1983இல் முதலில் வந்து 1991இலும் 2012இலும் திருத்தப்பட்டது. அதில் நாற்பது ஐம்பது விஷயம் இருந்தாலும், தொட்டி வைத்திருப்பவர் தினமும் பார்க்க வேண்டியது எஞ்சிய குளோரின்தான். போட்ட குளோரின் அழுக்கோடு சண்டை போட்டுச் செலவானது போக மீந்து நிற்பது அது. லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும், வைரஸிடமிருந்து காப்பு வேண்டுமானால் குறைந்தது 0.5. எஞ்சி நின்றால், குழாயில் வழியில் ஏதாவது கலந்தாலும் எதிர்க்க ஆள் இருக்கிறது என்று அர்த்தம். பூஜ்யம் என்றால் காவல்காரன் ஓடிப்போய்விட்டான்.

எவ்வளவு போடுவது என்பதற்குப் பொதுக்கணக்கு, 1,000 லிட்டருக்கு நல்ல பவுடர் 2.5 கிராம். எங்கள் சம்ப்புக்கு 100 கிராம். அப்படியே தூவக் கூடாது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் ஊற்றி, அரைமணி நேரமாவது விட்டுத்தான் மோட்டார் போட வேண்டும். ஆனால் பவுடரின் வீரியமும் நீரின் அழுக்கும் தினம் மாறுவதால் பொதுக்கணக்கை நம்ப முடியாது. சுகாதாரத் துறையினர் கிணறுகளுக்குப் பயன்படுத்தும் ஹாரக்ஸ் கருவி என்று ஒன்று உண்டு. கறுப்புக் கிண்ணம் ஒன்று, வெள்ளைக் கிண்ணம் ஆறு. கறுப்பில் பவுடர் கரைசலைக் கலந்து, வெள்ளைக் கிண்ணங்களில் உள்ள நீரில் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு என்று ஏற்றி ஊற்றி, அரைமணி கழித்து மாவுக் கரைசல் விட்டால் எந்தக் கிண்ணத்தில் முதலில் நீலம் தெரிகிறதோ அதன் எண்ணை இரண்டால் பெருக்கினால் அத்தனை கிராம், 455 லிட்டருக்கு. மூன்றாவது கிண்ணம் என்றால் ஆறு கிராம். கையிலிருக்கும் பவுடரையும் கையிலிருக்கும் தண்ணீரையும் வைத்தே அளவு சொல்லுவதால், கெட்ட பவுடர் இதில் தப்பிக்க முடியாது. ஒருமுறை செய்து பார்த்திருந்தால் என் மூட்டை அன்றைக்கே அகப்பட்டிருக்கும்.

எஞ்சிய குளோரினைப் பார்ப்பது இதைவிடச் சுலபம். டி.பி.டி. என்ற மாத்திரையைக் குழாய்நீரில் போட்டால் இளஞ்சிவப்பாகும், நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும், ஒரு நிமிஷ வேலை. தொட்டியடியில் பார்த்தால் போதாது, கடைசி வீட்டில் பார்க்க வேண்டும். மலக்கலப்பு இருக்கிறதா என்று காட்ட, குவாலியர் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தினர் 1982இல் வெளியிட்ட எச்2எஸ் பாட்டில் இருக்கிறது. நீரை நிரப்பி வைத்து ஒன்றிரண்டு நாளில் கறுத்தால் ஆபத்து. இரண்டும் மலிவு. மாதம் ஒருமுறை லேபுக்கும் அனுப்ப வேண்டும். அவர்கள் தரும் கிருமிநீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். பழைய சோடா பாட்டிலில் கொண்டுபோய்ப் பணத்தைக் கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். என் கடைத் தராசுக்கு முத்திரை வைக்க எடையளவுத் துறை வரும், வைக்காவிட்டால் அபராதம். பாட்டில் தண்ணீர் விற்பவருக்கு 2001 முதல் பல ஆண்டுகள் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக இருந்தது. 2024இல் அந்த முத்திரைக் கட்டாயத்தை எடுத்தார்கள், ஆனாலும் உணவுப் பாதுகாப்பு உரிமம் வேண்டும், அதிக ஆபத்துள்ள உணவு வகையில்தான் வைத்திருக்கிறார்கள். கிராமங்களில் 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சோதனைப் பெட்டியும் தரச் சொல்லியிருக்கிறார்கள். இருநூற்றைம்பது பேர் குடிக்கிற எங்கள் சம்ப்பைப் பார்த்து முத்திரை வைக்க இன்றுவரை யாரும் வந்ததில்லை. மாசற்ற நீர் வாழ்வுரிமையில் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் சொன்னது. அந்த உரிமையை எங்கள் வாட்டர்மேனிடம் எப்படிக் கேட்பது?

ஆகவே நாங்களே ஒரு புத்தகம் போட்டோம். தேதி, சம்ப் மட்டம், எந்த நீர், பவுடர் எத்தனை கிராம், மூட்டை பிரித்த தேதி, சம்ப்பில் குளோரின், கடைசி வீட்டில் குளோரின், கையெழுத்து. உபரிக் குழாயைச் சாக்கடையிலிருந்து வெட்டி, தரைக்கு ஒரு முழம் மேலே திறந்த வாயாக விட்டு வலை அடித்தோம். பவுடரைச் சிறு டப்பாவாக மட்டுமே வாங்குகிறோம், என் கடையில் வாங்குவதில்லை. கழிவறை ஆசிட் இருக்கும் அறையில் அதை வைப்பதில்லை, இரண்டும் சேர்ந்தால் விஷவாயு. சம்ப் கழுவும்போது மோட்டார் மின்சாரத்தை எடுத்து, மூடியைத் திறந்து நெடுநேரம் காற்றாட விட்டு, மேலே இருவர் நிற்கத்தான் ஒருவர் இறங்குவார்.

முதல் மாதப் புத்தகத்தைப் பார்த்தபோது முப்பது நாளும் 0.5, 0.5, 0.5. ஒரே பேனா, ஒரே சாய்வு. நாற்பது வருஷம் கணக்கெழுதியவனுக்கு இது தெரியாதா? மாசக் கடைசியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினது. வாட்டர்மேனைக் கூப்பிட்டேன். “பூஜ்யம் எழுதினா என்னை வேலையை விட்டு அனுப்பிடுவீங்களே அண்ணா” என்றான். நியாயமான பயம். அன்றிலிருந்து எங்கள் விதி இது: பூஜ்யம் எழுதி அன்றே சொன்னவனுக்கு ஐம்பது ரூபாய், சொன்ன உடனே எல்லா வீட்டுக்கும் “காய்ச்சிக் குடியுங்கள்” என்று தகவல். அடுத்த மாதம் நான்கு பூஜ்யம் வந்தது. நான்கும் டேங்கர் வந்த நாட்கள்.

புத்தகம் வாட்ச்மேன் அறையில் ஆணியில் தொங்குகிறது. நமது சங்க அன்பர்கள் யார் வேண்டுமானாலும் வந்து பார்த்து, தங்கள் குடியிருப்புக்கு நகல் எடுத்துக்கொள்ளலாம். ஞாயிறு காலை ஏழு மணிக்கு வந்தால் சோதனையையும் நேரில் பார்க்கலாம். கடைசி வீடு எங்களுடையது. மாத்திரை போட்டு நிறம் பார்ப்பவள் என் மருமகள்.