சன்னதை இழந்த வக்கீல்

சயான்: சயானிலும் தாராவியிலும் வாழும் நெல்லைச் சீமையாருக்கு வ.உ.சி. என்றால் கப்பல்தான் நினைவுக்கு வரும். கப்பலுக்கு முன்பே அவர் வக்கீல். பாட்டாளிக்குத் துணை நின்று அந்தப் பிழைப்பையே பறிகொடுத்தார்.

1872-இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர். தந்தை உலகநாத பிள்ளையும் வக்கீல். மகனோ ஏழைகளுக்குக் கட்டணம் வாங்காமலே வாதாடினார்.

பம்பாய்ப் பயணம்

1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டார். ஒரு பங்கு 25 ரூபாய். கப்பல் தேடி அவர் வந்தது இதே பம்பாய்க்குத்தான். காங்கிரசில் திலகர் அணியில் நின்றார்.

கோரல் மில்

1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். வ.உ.சி. முன்னின்றார். கூலி உயர்ந்தது, வார விடுமுறையும் கிடைத்தது. மார்ச் 12-இல் அவர் கைதானார். ஜூலை 7-இல் இரட்டை ஆயுள் தண்டனை!

பதினைந்தாம் நாள் திலகருக்கு 6 ஆண்டு தண்டனை. பம்பாய் மில் தொழிலாளர் 6 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். இரு துறைமுகங்களிலும் வியர்வை சிந்தியவர்கள் ஒரே ஆண்டில் எழுந்தார்கள்.

சிறைக்குப் பின்

கோவைச் சிறையில் செக்கிழுத்தார். தண்டனை குறைந்து 1912 டிசம்பரில் வெளியே வந்தார். கப்பல் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. சென்னையில் சிறு வியாபாரம் செய்து வறுமையில் உழன்றார். திலகர் மாதம் 50 ரூபாய் அனுப்பி உதவினார்.

பின்னர் வாலஸ் என்ற ஆங்கிலேயர் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காக மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். கோவில்பட்டியில் மீண்டும் கோர்ட்டு ஏறினார்.

1920-இல் காங்கிரசை விட்டு விலகியவர், 1927-இல் திரும்பினார். 1936 நவம்பர் 18-இல் காலமானார். கப்பல் ஓட்டிய அந்த வக்கீல், கடைகளுக்குத் தரவேண்டிய பாக்கிகளையும் தம் உயிலில் எழுதிவைத்தார்.