படிப்புக்குப் பணமில்லை, பாய் விரிக்கப் பணம்!

2025 ஆகஸ்டுத் திங்களில் ஒரு ஞாயிறு மாலை. ஆம்பூரில் எங்கள் படிப்பகத்து வாசற்படியில் தோழர்கள் சிலர் அமர்ந்து, அமெரிக்கா போட்ட 50 விழுக்காடு வரி பற்றிப் பேசிக் கொண்டிருந்தோம். வரி அங்கே, வயிற்றெரிச்சல் இங்கே! வாஷிங்டனில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஓவர்டைம் நிற்கிறதே, இது என்ன மாயம் என்று ஒருவர் கேட்டார். அந்த நேரத்தில்தான் அந்த அண்ணன் வந்தார். தோல் கம்பெனியில் இருபது ஆண்டுகளாக டிரம் பார்ப்பவர். சுண்ணாம்பும் ரசாயனமும் தின்று தீர்த்த விரல்கள். அந்த விரல்களுக்கு நடுவே இரண்டு தாள்கள்.

"தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சிச் சொல்லு. இங்கிலீஷ்ல இருக்குது. பொண்ணு படிச்சிச் சொன்னா. தொகையைக் கேட்டதும் காது அடைச்சிப் போச்சி. இன்னொரு ஆள் வாயால கேட்டாத்தான் மனசு நம்பும்."

வாங்கிப் பார்த்தேன். அவர் மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். கலந்தாய்வில் சென்னைப் பொறியியல் கல்லூரி ஒன்றில் இடம் பெற்றிருக்கிறாள். குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆகப் போகிறவள். முதல் தாள் கல்லூரியினுடையது. அதில் கல்விக் கட்டணம் கழிக்கப்பட்டிருந்தது. 2010-ல் கலைஞர் ஆட்சி கொண்டுவந்த முதல் பட்டதாரிச் சலுகை! படித்துச் சொன்னதும் அண்ணன் முகத்தில் ஒளி வந்தது.

இரண்டாவது தாள் விடுதியினுடையது. அந்த ஒளியை அணைப்பதற்கென்றே அச்சடித்தது போல் இருந்தது.

சேர்க்கைக் கட்டணம், காப்புத் தொகை, அறை வாடகை, மின்சாரம், தண்ணீர், பராமரிப்பு, நிர்வாகச் செலவு, மெஸ் முன்பணம். ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் அவர் தலையாட்டினார். கூட்டிச் சொன்னபோது தலையாட்டல் நின்றுவிட்டது. அவருடைய மூன்று மாதச் சம்பளத்தை விரலால் தொடாமல் அப்படியே கொண்டுபோய்க் கொட்டினால் கணக்கு நேராகும். கெடு, வருகிற வெள்ளிக்கிழமை!

"படிப்புக்குப் பணமில்லைன்னு சொன்னாங்களே தம்பி?"

படிப்புக்குப் பணமில்லைதான் அண்ணே! படிக்கிற பிள்ளை பாய் விரிக்கத்தான் பணம்!

தோழர்களே! இதை ஏதோ ஒரு வீட்டுக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். கல்லூரி வாயிலில் நின்று காசு கேட்ட காவற்காரனை நாம் விரட்டினோம். உண்மை. 2007-ல் அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் இளங்கலைக்குக் கல்விக் கட்டணம் நீங்கியது. மூன்றாண்டு கழித்து முதல் பட்டதாரிச் சலுகை வந்தது. விரட்டப்பட்ட காவற்காரன் எங்கே போனான்? வேலையை விட்டுப் போய்விட்டான் என்று நினைத்தோம். அவன் பின்பக்கமாகச் சுற்றிப்போய் விடுதி வாயிலில் நிற்கிறான்!

விடுதிக் கணக்கின் சூட்சுமம் பலருக்குத் தெரியாது. கல்லூரி வாசற்படி மிதிக்காத எனக்கே, விடுதியில் தங்கிப் படிக்கும் தம்பிகள் சொல்லித்தான் தெரியும். பல விடுதிகளில் மெஸ்ஸுக்கு 'டிவைடிங்' முறை என்று ஒன்று உண்டு. ஒரு மாதத்து அரிசி, பருப்பு, காய்கறி, பால், கேஸ், பல இடங்களில் சமையற்காரர் கூலி, எல்லாவற்றையும் கூட்டுவார்கள். அந்த மாதத்தில் எத்தனை பேர், எத்தனை நாள் சாப்பிட்டார்கள் என்று பார்ப்பார்கள். கணக்குக்காகச் சொல்கிறேன்: 100 பேர், 30 நாள், செலவு 3 இலட்சம் என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய். பார்ப்பதற்குச் சமதர்மம்! பங்கு போட்டுத் தின்கிறார்கள், பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள், இதில் என்ன குறை?

குறை இருக்கிறது. வாரம் ஒரு நாள் ஐஸ்கிரீம் வேண்டும், இரண்டு நாள் பிரியாணி வேண்டும் என்று மெஸ் கமிட்டியில் கை தூக்குகிறார்கள். வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் பத்துப் பேர் பலமாகப் பேசினால் தீர்மானம் நிறைவேறிவிடுகிறது. டிரம் பார்ப்பவர் மகள் எழுந்து, "எனக்கு ஐஸ்கிரீம் வேண்டாம், பில் குறைந்தால் போதும்" என்று சொல்லுவாளா? பதினெட்டு வயதுப் பெண், புதிய ஊர், புதிய முகங்கள். சொல்ல மாட்டாள். வாயை மூடிக்கொண்டு தின்பாள். வீட்டுக்குப் பேசும்போது அழுவாள். (பிரியாணி மீது எனக்குப் பகை ஒன்றும் இல்லை. ஆம்பூர்க்காரன் அப்படிச் சொன்னால் ஊரில் சேர்க்க மாட்டார்கள்!) இன்னொன்று கேளுங்கள். திருவிழாவுக்கோ காய்ச்சலுக்கோ இரண்டு நாள் ஊருக்கு வந்தால் அந்த இரண்டு நாள் பில்லில் கழிவதில்லை. தொடர்ச்சியாக இத்தனை நாள் இல்லாதிருந்தால்தான் கழிப்போம் என்பது பல விடுதிகளில் விதி. தின்னாத சோற்றுக்கும் காசு!

அதைவிடக் கொடுமை முன்பணம். நம் தோழர்களுக்கு வாரக் கூலி அல்லது மாதச் சம்பளம். வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்தோல் தைக்கும் தாய்மார்களுக்கு ஜோடிக்கு இவ்வளவு என்று சில்லறைக் கூலி. பணம் சொட்டுச் சொட்டாக வருகிறது. விடுதியோ செமஸ்டருக்கு ஒரே குடமாகக் கேட்கிறது. சொட்டுக்கும் குடத்துக்கும் நடுவே யார் நிற்கிறான்? வட்டிக்காரன்! காப்புத் தொகை திரும்ப வரும் என்கிறார்கள். வரும், நான்காண்டு கழித்து. அதற்கு நான்காண்டு வட்டி கட்டியவன் யார் என்று எந்த ரசீதிலும் இல்லை.

விடுதி என்றதும் நம் இயக்கத்து வரலாற்றின் முதல் பக்கம் நினைவுக்கு வருகிறது. நீதிக்கட்சி எப்போது பிறந்தது? 1916 நவம்பர் 20, வேப்பேரியில், எத்திராஜ் முதலியார் இல்லத்தில். அதற்கு முன்பே பிறந்துவிட்டது ஒரு விடுதி! டாக்டர் நடேசனார் திருவல்லிக்கேணியில் நடத்திய 'திராவிடர் இல்லம்'. வெளியூரிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த பார்ப்பனரல்லாத பிள்ளைகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் தலை சாய்க்க இடம் கிடைக்கவில்லை. சாதி கேட்டார்கள், சாதம் மறுத்தார்கள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பிய பிள்ளைகளைப் பார்த்த அந்த மருத்துவர், நோய் எங்கே இருக்கிறது என்று கண்டுகொண்டார். மேடை போடவில்லை முதலில், அடுப்பு மூட்டினார்! அந்த இல்லத்தில் தங்கிப் படித்தவர்களில் ஒருவர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சர். அன்று அந்தச் சோறும் பாயும் இல்லாதிருந்தால்?

தோல் வணிகர்களுக்கும் இந்த அறிவு இருந்தது. மேல்விஷாரத்து நவாப் அப்துல் ஹக்கீம், தோலில் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு சென்னை சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரே சித்திக் சராய் என்ற தங்கும் விடுதியைக் கட்டினார். வெளியூரிலிருந்து வருகிறவன் இரவில் எங்கே படுப்பான் என்று நினைத்துப் பார்த்த மனம் அது. பாலாற்றைக் கொடுத்து டாலர் வாங்கிய இந்த வட்டாரத்தில், இன்றைய செல்வர்களில் எத்தனை பேர் அப்படி நினைக்கிறார்கள் என்று கேட்டால் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

சரி, அரசு என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2020-ல், 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் மருத்துவ இடம் கிடைத்த அரசுப் பள்ளிப் பிள்ளைகள் சிலர், தனியார் கல்லூரிக் கட்டணம் கட்ட வழியின்றி இடத்தையே விட்டுவிட்டுப் போனார்கள். நாடே பார்த்த பிறகுதான் அன்றைய அரசு விடுதிக் கட்டணம் உள்படத் தானே செலுத்துவதாக அறிவித்தது. 2021-ல் கழக ஆட்சி அந்த ஒதுக்கீட்டைப் பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் சட்டமாக்கியது. செப்டம்பர் 20-ஆம் நாள் முதல்வர் ஸ்டாலின், கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கும் என்றார். விடுதிக் கட்டணமும் கல்விக் கட்டணமே என்று ஓர் அரசு ஒப்புக்கொண்ட நாள் அது!

ஆனால் அந்தச் சட்டம் அரசுப் பள்ளி மாணவர்க்கு. அரசு உதவி பெறும் பள்ளி அதில் வரவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் தோழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் எத்தனை பேர் உதவி பெறும் பள்ளிகளில் படிக்கிறார்கள்! அதே தமிழ் வழி, அதே சத்துணவு, அதே இலவசப் புத்தகம். பள்ளியின் பெயர்ப்பலகை மட்டும் வேறு. புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயை 2024-ல் உதவி பெறும் பள்ளித் தமிழ் வழி மாணவியர்க்கும் நீட்டினார்கள். ஆயிரத்துக்கு நீண்ட கை, விடுதிக்கும் நீளக்கூடாதா?

அரசு விடுதிகளில் கல்லூரி மாணவர்க்கு மாத உணவுத்தொகை 1,100 ரூபாயாக இருந்தது. 2023-24 நிதிநிலை அறிக்கையில் 1,500 ஆக்கினார்கள். பாராட்டினோம், போஸ்டர் ஒட்டினோம். போஸ்டர் ஒட்டிய கையால் ஒரு வகுத்தல் கணக்கும் போடுவோம். நாளொன்றுக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கு! ஆம்பூர் பஸ் நிலையத்துக் கடையில் 50 ரூபாய்க்கு ஒரு வேளை வயிறு நிறையுமா என்று நீங்களே சொல்லுங்கள். நம்மவர் ஆட்சி செய்தது என்பதற்காக வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் இந்த இயக்கத்துக்குக் கிடையாது.

டில்லியின் கணக்கு இன்னும் விந்தை. பட்டியல் வகுப்பு மாணவர்க்கான மேற்படிப்பு உதவித்தொகைக்கு 2021-ல் வகுத்த விதிகளின்படி, விடுதியில் தங்கிப் பி.ஏ. படிக்கும் பிள்ளைக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய். மாதத்துக்கு 500. பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு இரண்டரை இலட்சத்துக்கு மேல் போனால் அதுவும் இல்லை! இரண்டரை இலட்சம் என்றால் மாதம் 20,833. அப்பா தோல் கம்பெனி, அம்மா ஷூ கம்பெனி, ஆளுக்குப் பத்தாயிரத்து நானூற்றுச் சொச்சம் வாங்கினாலே எல்லை தாண்டிவிட்டது. அதே டில்லி, 2019-ல் உயர்சாதி ஏழைகளுக்கு 10 விழுக்காடு கொடுத்தபோது ஏழை என்பதற்கு என்ன அளவு வைத்தது? எட்டு இலட்சம்! எட்டு இலட்சம் வாங்குகிறவர் ஏழை. இரண்டரை இலட்சத்து ஒரு ரூபாய் வாங்கும் தோல் தொழிலாளி செல்வந்தர்! என்னய்யா நீதி?

படுக்கைக்கு வரி போட்டதும் அந்த டில்லி தர்பார்தான். 2022 ஜூலையில் ஜி.எஸ்.டி. விலக்கு ஒன்றை எடுத்தார்கள். அடுத்த ஆண்டு, கல்லூரிக்கு வெளியே தனியார் நடத்தும் விடுதிகள் வரி கட்ட வேண்டும் என்று பெங்களூரில் ஒரு தீர்ப்பாணையம் 12 விழுக்காடு விதித்தது. கல்லூரி விடுதியில் இடம் கிடைக்காத பிள்ளை வேறெங்கே போகும்? நட்சத்திர ஓட்டலுக்கா? 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், விடுதி அறையும் குடியிருப்பே, வரி கூடாது என்றது. அதே ஜூனில், மாதம் 20,000 ரூபாய் வரையிலான, தொடர்ந்து 90 நாள் தங்கும் விடுதிகளுக்கு விலக்கு என்று ஜி.எஸ்.டி. கவுன்சில் இறங்கி வந்தது.

டில்லியிலேயே, ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில், 2019 அக்டோபரில் 10 ரூபாய் அறை வாடகையை 300 ஆக்கினார்கள். 20 ரூபாயை 600 ஆக்கினார்கள். மாதம் 1,700 சேவைக் கட்டணம் புதிதாகச் சேர்த்தார்கள். மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள், தடியடி பட்டார்கள். சில நாளில் ஒரு பகுதியை அரசு பின்வாங்கியது. பத்து ரூபாய் வாடகைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று அப்போது சில பத்திரிகைகள் கேலி பேசின. அந்தப் பத்து ரூபாயில்தான் சுள்ளி பொறுக்கியவன் மகன் ஆராய்ச்சி செய்தான் என்பது கேலி பேசியவர்களுக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் கேலி!

எனக்கு இதில் இவ்வளவு ஆத்திரம் ஏன் என்று தோழர்கள் சிலர் கேட்பதுண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது வெளியூரில் ஓர் அரசுக் கல்லூரியில் எனக்கும் இடம் கிடைத்தது. கல்விக் கட்டணம் இல்லை. தங்கத்தான் இடமில்லை, தனியார் விடுதிக்கு அப்பாவிடம் பணமில்லை. ஒரு வாரம் பேருந்தில் போய் வந்தேன். எட்டாவது நாள் பேருந்துக் காசு அரிசிக்குப் போயிற்று. அவ்வளவுதான் என் கல்லூரி வரலாறு.

அண்ணன் மகள் அன்று இரவே ஒரு யோசனை சொன்னாளாம். "விடுதி வேண்டாம்ப்பா. ஏலகிரி வண்டியில் தினமும் போய் வந்துவிடுகிறேன்." விடியுமுன் எழுந்து ஏறத்தாழ 180 கிலோமீட்டர், இருட்டிய பின் அதே 180 கிலோமீட்டர். நடுவில் பொறியியல்! கேட்ட அண்ணன் ஒன்றும் பேசவில்லை. காலையில் கம்பெனியில் முன்பணம் கேட்டார். ஆர்டர் இல்லை, வரி விவகாரம் முடியட்டும் என்றார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கிளைத் தோழர்கள் கொஞ்சம், அவர் மனைவியோடு ஷூ தைக்கும் தாய்மார்கள் கொஞ்சம், மீதிக்கு மூன்று வட்டி. பெட்டியோடு பெண்ணை ரயில் ஏற்றிவிட்டோம்.

காப்புத் தொகையைத் தவணையில் வாங்கு, மெஸ் பணத்தை மாதா மாதம் வாங்கு, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைக்கும் விடுதிக் கட்டணத்தை அரசே கட்டு, வருமான எல்லையை உயர்த்து என்று எங்கள் கிளையில் தீர்மானம் எழுதினோம். அந்த விடுதிச் சீட்டின் நகலையும் இணைத்து அனுப்பியிருக்கிறோம்.

டிசம்பரில் இரண்டாவது செமஸ்டர் சீட்டு வந்தது. அண்ணன் அதை என்னிடம் படிக்கக் கொடுக்கவில்லை. இப்போது அவருக்கே படிக்கத் தெரிந்துவிட்டது. மெஸ் முன்பணத்தில் ஐந்நூறு ரூபாய் ஏறியிருக்கிறது என்று அவரே சொன்னார்.