கைக்குழந்தையோடு கடல் தாண்டலாமா?

"பல் முளைக்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆகாயத்தில் பறக்கணுமா? அது என்னத்தைக் கண்டது?"

வெளிநாட்டுப் பிரயாணம் என்று பேச்சு எடுத்த வீட்டில் எல்லாம் பாட்டி இப்படித்தான் கேட்பார். மருமகள் பதில் சொல்லாமல் புருஷன் முகத்தைப் பார்ப்பாள். அவன், "டிக்கெட் மலிவாகக் கிடைக்குதும்மா" என்று இழுப்பான்.

பாட்டியின் கேள்வி லேசான கேள்வி இல்லை. இரண்டு வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் ஒரே வாரத்தில் கரையப்போகிறது. போய்வந்த பிறகு குழந்தைக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. இது தேவைதானா?

ஞாபகம் இருக்காது என்பது உண்மைதான். உங்களையே கேட்டுப் பாருங்கள். மூன்று வயதுக்கு முன்னால் நடந்தது எது நினைவில் இருக்கிறது? பெரும்பாலோருக்கு ஒன்றும் இராது. ஆனால், அந்த மூன்று வயதுக்குள்தான் நாம் நடக்கப் பழகினோம். பேசக் கற்றோம். அம்மாவின் இடுப்பில் இருந்தால் பயமில்லை என்று தெரிந்துகொண்டோம். கற்ற இடம் மறந்துவிட்டது, கற்றது மறக்கவில்லை.

ஆகவே, போகலாமா என்று கேட்டால், போகலாம். ஆனால், ஒரு நிபந்தனை. குழந்தையின் கால் வேகத்துக்கு நாம் நடக்க வேண்டும். நம் வேகத்துக்குக் குழந்தையை இழுத்துக்கொண்டு ஓடக்கூடாது.

தெருமுனையில் ஆரம்பம்

வெளிநாட்டுப் பயணத்துக்கு ஒத்திகை எங்கே நடக்கிறது தெரியுமா? உங்கள் ஊர்ப் பூங்காவில்!

முதலில் மாலையில் தெருமுனை வரை போய் வாருங்கள். பிறகு கோவில். பிறகு பஸ் ஏறிக் கடற்கரை. பிறகு ஒரு முழு நாள் வெளியே. சென்னைக்கு அருகில் இருப்பவர்கள் வண்டலூருக்குப் போகலாம். அங்கே 1985-ம் ஆண்டு திறந்த மிருகக்காட்சிசாலை இருக்கிறது. ஒரு நாள் போதாத அளவுக்குப் பெரிய இடம்.

இந்தச் சின்னப் பயணங்களில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். குழந்தை எத்தனை மணிக்குத் தூங்குகிறது? பசித்தால் எப்படி அழுகிறது? எதைக் கண்டால் மிரளுகிறது? சில குழந்தைகளுக்குக் கூட்டம் பிடிக்காது. சிலவற்றுக்கு இரைச்சல் ஆகாது. இந்த மூன்றும் தெரிந்த தாய், எந்த ஊருக்குப் போனாலும் திண்டாட மாட்டாள்.

பருவம் பார்த்துப் புறப்படுங்கள்

குழந்தையின் வளர்ச்சியைப் படிப்படியாகப் பார்த்து மகிழ்வது நமக்குப் புதிதல்ல. பிள்ளைத்தமிழ் என்று ஓர் இலக்கிய வகையே தமிழில் இருக்கிறது. அதில் பத்துப் பருவங்கள். ஏறக்குறைய ஐந்தாம் மாதத்தில் தலை நிமிர்ந்து ஆடுவது செங்கீரை. ஒன்பதாம் மாதத்தில் கை தட்டுவது சப்பாணி. ஒரு வயதை ஒட்டித் தளர்நடை நடந்து வருவது வருகை. அதற்கு அப்புறம் நிலாவை விளையாட அழைப்பது அம்புலி.

உலக சுகாதார நிறுவனமும் இதே விஷயத்தை ஆராய்ந்தது. இந்தியா உள்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைப் பார்த்து, 2006-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டது. நல்ல ஆரோக்கியமான குழந்தை, பிடிமானம் இல்லாமல் நடக்க ஆரம்பிப்பது ஏறக்குறைய 8 மாதத்திலிருந்து 18 மாதத்துக்குள் என்று அது சொல்கிறது. எத்தனை பெரிய இடைவெளி பாருங்கள்! எதிர்வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் நடந்துவிட்டதே என்று ஏங்க வேண்டியதில்லை.

இதில் பயணத்துக்கு எந்தப் பருவம் நல்லது?

தவழும் முன் உள்ள குழந்தையைத் தூக்கிச் செல்வது எளிது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே ஆகாரம், தண்ணீர்கூடத் தேவையில்லை. ஆனால், தடுப்பூசிகள் நடந்துகொண்டிருக்கும் காலம் அது. டாக்டரைக் கேட்காமல் புறப்படக்கூடாது. புதிதாக நடக்கப் பழகிய குழந்தை கையில் நிற்காது. விமானத்திலும் இறங்கி ஓடவே பார்க்கும். மூன்று வயதுக்கு மேலே என்றால், "யானை எங்கே?" என்று கேட்கத் தெரியும். அப்போது பார்த்ததில் கொஞ்சம் மனதில் தங்கவும் தங்கும். பொறுக்க முடிந்தவர்கள் அதுவரை பொறுக்கலாம்.

முதல் வேலை, பாஸ்போர்ட்

பிறந்த குழந்தையானாலும் அதற்குத் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். தாயின் பாஸ்போர்ட்டில் சேர்த்துக்கொண்டு போக முடியாது.

2023 அக்டோபர் 1-ந் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைக்கு, பிறந்த தேதிக்கு அத்தாட்சி பிறப்புச் சான்றிதழ் மட்டுமே. ஆகவே, அதை முதலில் வாங்கி வையுங்கள். பெயர் எழுத்து சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தாய், தகப்பன் இருவரும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். நாலு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் புகைப்படம் நாமே எடுத்துக்கொண்டு போக வேண்டும். பின்னால் வெள்ளை நிறம் இருக்க வேண்டும். வெள்ளை வேட்டியை விரித்து, அதில் குழந்தையைப் படுக்க வைத்து மேலிருந்து படம் எடுக்கிறவர்களும் உண்டு.

இந்தப் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுதான் செல்லும். இதற்குள் குழந்தையின் முகமே மாறிவிடும் அல்லவா!

எடுத்துக்காட்டாக, சிங்கப்பூர்

முதல் பயணத்துக்குத் தமிழ்க் குடும்பங்கள் அதிகமாக நாடும் ஊர்களில் சிங்கப்பூர் ஒன்று. அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. இட்லி கிடைக்கும். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம்.

ஒரு காலத்தில் அந்த ஊருக்குப் போக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். 1926 முதல் 1973 வரை 'ரஜூலா' என்ற கப்பல் ஓடியது. சென்னையில் கிளம்பி, நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு, பினாங்கு வழியாகப் போகும். மேல்தட்டில் பாய் விரித்து, கைக்குழந்தைகளோடு கிடந்து போன தாய்மார்கள் எத்தனையோ பேர். அவர்களை எண்ணினால் நம்முடைய கஷ்டம் கஷ்டமே இல்லை. இன்று சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ சுமார் நாலரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம்.

இந்தியர்களுக்கு அங்கே விசா வேண்டும். குழந்தைக்கும் தனியாக வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாதமாவது ஆயுள் இருக்க வேண்டும். போய் இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள், வருகை அட்டை ஒன்றை இணையத்தில் பூர்த்தி செய்ய வேண்டும். அரசாங்கத் தளத்தில் அது இலவசம். இதற்குப் பணம் கேட்கும் தளங்களை நம்பாதீர்கள்.

இரண்டு வயது நிரம்பாத குழந்தை மடியில் உட்கார்ந்து போகலாம். அதற்கு விமானக் கம்பெனிகள் பலவும் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு போல வாங்குகின்றன. இரண்டு வயது நிரம்பிவிட்டால் தனி இடம் எடுக்க வேண்டும்.

விமானத்தில் ஏன் அழுகிறது?

விமானம் கீழே இறங்கும்போது காற்றின் அழுத்தம் மாறுகிறது. காதுக்கும் தொண்டைக்கும் நடுவே ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. அது திறந்தால்தான் காதின் உள்ளும் புறமும் அழுத்தம் சமமாகும். பெரியவர்கள் எச்சில் விழுங்குவோம், கொட்டாவி விடுவோம், குழாய் திறந்துகொள்ளும். குழந்தைக்கு அந்த உபாயம் தெரியாது. காது வலிக்கும். வீறிட்டு அழும்.

இதற்குச் சுலபமான வழி, இறங்கும் நேரத்தில் பால் கொடுப்பதுதான். குடித்து விழுங்க விழுங்கக் காது சரியாகும். மேலே ஏறியவுடனே பசியாற்றி முடித்துவிடாமல், கொஞ்சம் மிச்சம் வையுங்கள். குழந்தைக்கு வேண்டிய பாலையும் ஆகாரத்தையும் கையோடு எடுத்துப்போக அனுமதி உண்டு. சளி பிடித்திருந்தால் வலி அதிகமாகும். முன்னாலேயே டாக்டரிடம் காட்டுங்கள்.

காலையில் ஓர் இடம், மாலையில் ஓர் இடம்

போய் இறங்கியவுடன், "இதையும் பார்க்கணும், அதையும் பார்க்கணும்" என்று ஆசை வரும். இங்கேதான் பல குடும்பங்கள் கெடுகின்றன. ஒரே நாளில் ஐந்து இடம். வெயில், கூட்டம், வேளை தப்பிய சோறு. மாலையில் குழந்தை அழும். அம்மாவுக்கும் அழுகை வரும். அப்பா எரிந்து விழுவார்.

காலையில் ஓர் இடம் போதும். மதியம் அறைக்கு வந்து தூக்கம். மாலையில் ஓர் இடம். நம் நேரத்தைவிட அங்கே இரண்டரை மணி முன்னால் என்பதால், முதல் நாள் தூக்கம் கொஞ்சம் தடுமாறும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ சரியாகிவிடும்.

காலையில் தாவரப் பூங்காவுக்குப் போகலாம். 1859-ல் ஏற்பட்டது. 2015-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. உள்ளே நுழையக் காசு இல்லை. ஆர்க்கிட் பூந்தோட்டத்துக்கு மட்டும் கட்டணம். குழந்தை புல்லில் தவழட்டும். குளத்து அன்னத்தைப் பார்க்கட்டும்.

அந்தப் பூங்காவுக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. 1877-ல் ரப்பர் கன்றுகள் அங்கே வந்து சேர்ந்தன. 1888 முதல் பூங்காவை நிர்வகித்த ரிட்லி என்ற வெள்ளைக்காரர், மரம் சாகாமல் திரும்பத் திரும்பப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகுதான் மலாயா முழுவதும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. நம் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பால் வெட்டப் போயின. பிள்ளை விளையாடும் புல்தரையில் நின்று, பெரியவர்கள் இதை ஒரு நிமிஷம் நினைக்கலாம்.

மிருகக்காட்சிசாலை 1973-ல் திறக்கப்பட்டது. பெரும்பாலான மிருகங்களுக்குக் கம்பிக் கூண்டு கிடையாது. அகழியும் மறைவான தடுப்பும்தான். 'ஆ மெங்' என்ற ஒராங்குட்டான் குரங்கோடு உட்கார்ந்து காலை உணவு சாப்பிட உலகமெங்கும் இருந்து ஜனங்கள் வந்தார்கள். அது 2008-ல் இறந்துபோனது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அங்கே நுழைவுச் சீட்டு வேண்டாம்.

நகர ரயில் 1987-ல் ஓடத் தொடங்கியது. 90 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் கட்டணம் இல்லை. ஆனால், வண்டிக்குள் தின்னவும் குடிக்கவும் கூடாது. அபராதம் உண்டு. பிஸ்கெட்டை ஏறுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

மாலையில் சவுத் பிரிட்ஜ் ரோட்டு மாரியம்மன் கோவிலுக்குப் போகலாம். 1827-ல் மரமும் ஓலையுமாக ஆரம்பித்த கோவில் அது. 1819-ல் ராபிள்சோடு வந்த நாராயண பிள்ளை என்ற தமிழர்தான் ஆரம்பித்தவர்.

இன்னொரு நாள் மாலை, டோ பாயோ என்ற குடியிருப்புப் பகுதிக்குப் போங்கள். அங்கே பறவை நாகத்தின் உருவத்தில் ஒரு சறுக்குமரம் இருக்கிறது. 1979-ல் கட்டியது. கீழே மணல். காசு கொடுத்துப் பார்த்த எல்லாவற்றையும்விட இந்த மணல்தான் உங்கள் பிள்ளைக்கு அதிகம் பிடித்தால், ஆச்சரியப்படாதீர்கள்!

பையில் இருக்க வேண்டியவை

டாக்டர் எழுதிக் கொடுத்த காய்ச்சல் மருந்து, சீட்டோடு. வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைப் பொட்டலம். அதில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். குழந்தை வழக்கமாகப் போர்த்தும் பழைய துணி ஒன்று. புது இடத்தில் அந்தத் துணியின் வாசனைதான் வீடு. நடக்கும் குழந்தையானால், சட்டைப் பையில் பெற்றோர் பெயரும் போன் நம்பரும் எழுதிய சீட்டு. இது உள்ளூர்த் திருவிழாவுக்கும் பொருந்தும்.

கடன் வாங்கிப் போகாதீர்கள்

முக்கியமான விஷயம் இது. பக்கத்து வீட்டார் போனார்கள் என்பதற்காக நகையை அடகு வைத்துப் போகிற பயணம் இனிக்காது. திரும்பி வந்து வட்டி கட்டும் வீட்டில் சிரிப்பு இருக்காது. குழந்தைக்கு வேண்டியது அந்தச் சிரிப்புதான். பணம் சேரும் வரை கடற்கரை இருக்கிறது. பாட்டி ஊர் இருக்கிறது. ரயிலில் ஜன்னலோர இடம் இருக்கிறது. பிள்ளையின் கணக்கில் இவையெல்லாம் வெளிநாடுதான்.

எங்கே போனாலும் ஒரு காரியம் செய்யுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். முதல் பல் எந்தத் தேதியில் முளைத்தது, முதல் அடி எந்த இடத்தில் வைத்தது, யானையைப் பார்த்து என்ன சொன்னது என்று எழுதி வையுங்கள். போனில் எடுத்த படங்களில் பத்தையாவது அச்சுப் போட்டு ஒட்டுங்கள். குழந்தைக்கு ஞாபகம் இல்லாத காலத்தை நீங்கள்தான் ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

பாட்டிக்கும் அந்த நோட்டில் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். பிள்ளையின் அப்பா எந்த வயதில் நடந்தான், எங்கே விழுந்தான் என்பது அவருக்குத்தானே தெரியும்!