அக்கூஸ்டிக் கிதார் தந்தி

அக்கூஸ்டிக் கிதார் தந்தி என்பது மின் உதவியின்றி ஒலிக்கும் கிதாரில் அதிர்ந்து ஒலி எழுப்பும் கம்பி அல்லது இழை ஆகும். வழமையான கிதாரில் ஆறு தந்திகள் உள்ளன. வியர்வை, ஈரம், தேய்மானம் ஆகியவற்றால் தந்திகளின் ஒலி நாளடைவில் மங்குவதால் அவை அவ்வப்போது மாற்றப்படுகின்றன. மாற்றுத் தந்தியைத் தெரிவு செய்யும்போது கிதாரின் வகை, தந்தியின் தடிமன், உலோகம் ஆகிய மூன்றும் கருத்தில் கொள்ளப்படுகின்றன.

கிதாரின் வகை

செந்நெறிக் கிதாருக்கு நைலான் தந்திகளும், எஃகுத் தந்திக் கிதாருக்கு உலோகத் தந்திகளும் உரியவை. ஆறு நைலான் தந்திகளின் மொத்த இழுவிசை ஏறத்தாழ 40 கிலோகிராம். உலோகத் தந்திகளுக்கு இது 70 கிலோகிராமுக்கு மேலும் செல்லும். எனவே செந்நெறிக் கிதாரில் உலோகத் தந்தியைப் பூட்டினால் குதிரை பெயர்ந்துவிடலாம், கழுத்தும் வளையலாம். செந்நெறிக் கிதாரில் தந்தி குதிரையில் முடிச்சிட்டுக் கட்டப்பட்டிருக்கும். எஃகுத் தந்திக் கிதார்கள் பலவற்றில் தந்தியின் நுனியிலுள்ள சிறு உலோகக் குண்டைக் குதிரையில் செருகிய முளை பிடித்திருக்கும்.

பழங்காலத்தில் விலங்குக் குடலிலிருந்து தந்திகள் செய்யப்பட்டன. தமிழில் யாழின் தந்தி நரம்பு எனப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது குடல் தந்திக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதை அடுத்து, 1940களில் நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் நைலான் தந்திகளை உருவாக்கினார்.

தடிமன்

உலோகத் தந்தித் தொகுதிகள் முதல் தந்தியின் விட்டத்தால் பெயர் பெறுகின்றன. 12 என்பது 0.012 அங்குலத்தைக் குறிக்கும்.

* 10 தொகுதி: 0.010 முதல் 0.047 அங்குலம் வரை. விரல்களுக்கு எளிது, ஒலி சற்று மெலிவு. தொடக்கநிலை மாணவர்களுக்கும் பழைய கருவிகளுக்கும் ஏற்றது.
* 12 தொகுதி: 0.012 முதல் 0.053 அங்குலம் வரை. பரவலாகப் பயன்படுவது.
* 13 தொகுதி: 0.013 முதல் 0.056 அங்குலம் வரை. உரத்த ஒலி, அழுத்துவது கடினம்.

நீளமும் சுருதியும் மாறாதபோது, தந்தியின் இழுவிசை விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். ஆகவே முதல் தந்தியை 10-இலிருந்து 12-க்கு மாற்றினால் அதன் இழுவிசை 44 விழுக்காடு கூடுகிறது.

திருப்பூர் பின்னலாடைத் தொழிலில் பழகியோருக்கு இவ்வெண்கள் தலைகீழாகத் தோன்றலாம். பருத்தி நூலின் கவுண்ட் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை அடங்கும் என்பதாகும். எனவே 40-ஆம் எண் நூல் 20-ஆம் எண் நூலை விட மெல்லியது. தந்தியிலோ எண் கூடினால் தடிமன் கூடும். கேஜ் என்னும் சொல்லும் வட்டப் பின்னல் இயந்திரத்தில் ஓர் அங்குலத்திலுள்ள ஊசிகளின் எண்ணிக்கையையும், தந்தியில் விட்டத்தையும் குறிக்கிறது.

உலோகம்

தடித்த நான்கு தந்திகளில் எஃகு உள்கம்பியின் மீது வேறு உலோகக் கம்பி சுற்றப்பட்டிருக்கும்.

* 80/20 வெண்கலம்: 80 விழுக்காடு செம்பு, 20 விழுக்காடு துத்தநாகம். பெயர் வெண்கலமாயினும் இது பித்தளையே. ஒலி துலக்கமானது, விரைவில் மங்கும்.
* பாசுபர் வெண்கலம்: செம்புடன் வெள்ளீயமும் சிறிதளவு பாசுபரசும் சேர்ந்தது. ஒலி மென்மையானது, சற்று நீடித்து உழைக்கும்.
* பூச்சுத் தந்தி: மெல்லிய பலபடிப் பூச்சு உடையது. விலை கூடுதல், வியர்வையைத் தாங்கும்.

மாற்றும் முறை

முன்பிருந்த தடிமனையே மீண்டும் தெரிவு செய்தால் கருவியில் திருத்தம் தேவைப்படுவதில்லை. தடிமன் மாறினால் கழுத்தின் வளைவையும் தந்தியின் உயரத்தையும் சரிபார்க்க வேண்டும். புதிய தந்திகள் முதல் சில நாட்கள் நீள்வதால் அடிக்கடி சுருதி சேர்க்க வேண்டியிருக்கும்.