துள்ளலும் வேண்டும், சிக்கனமும் வேண்டும்: ஊவா மலைப்பாதைக்கு எந்தக் கார் ஏற்றது?

பதுளையிலோ பசறையிலோ மொனராகலையிலோ ஒரு வாலிபனுக்கு நிரந்தர உத்தியோகம் கிடைத்து இரண்டு மூன்று வருஷங்கள் கழிந்ததும், வீட்டில் கார்ப் பேச்சு ஆரம்பமாகிவிடுகிறது. தகப்பனார் பெற்றோல் செலவைப் பற்றிக் கேட்கிறார். தாயார், கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஐந்து பேர் ஏறிப்போக இடம் இருக்குமா என்று விசாரிக்கிறார். வாலிபனோ, மேட்டில் முனகாமல் ஏறி, வளைவில் சொன்ன சொல்லைக் கேட்டுத் திரும்பும் துடிப்பான வண்டி ஒன்றை மனத்தில் வரித்து வைத்திருக்கிறான். மூவர் கேட்பதும் நியாயமே. மூன்றையும் ஒரே வண்டியில் அடைய முடியுமா என்பதே இவ்வாரம் நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

நம் மலையகக் குடும்பங்களுக்குக் கார் என்பது வெறும் வாகனமன்று. தோட்டத்துப் பாதையில் ஒரு காலத்தில் கார் என்றாலே அது துரையின் கார்தான். அது வரும் சத்தம் கேட்டால் கூடையுடன் ஓரமாக ஒதுங்கி நின்றவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று ஆசிரியர்களாகவும் தாதியராகவும் வங்கி உத்தியோகத்தராகவும் உழைத்து, அதே பாதையில் தம் சொந்தக் காரைச் செலுத்துகிறார்கள். பெருமைப்பட வேண்டிய மாற்றம் இது. ஆயினும் பல வருஷச் சேமிப்பு ஒரே கையெழுத்தில் கைமாறும் விஷயமாதலால், பெருமையைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டுக் கணக்குப் பார்ப்பது அவசியமாகிறது.

துடிப்பு எங்கிருந்து வருகிறது?

பெரிய என்ஜின் இருந்தால்தான் கார் துடிப்பாக ஓடும் என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியிருக்கிறது. இது முழு உண்மையன்று. எத்தனை குதிரைவலு என்பதை மட்டும் கேட்டால் போதாது. அந்த வலு எத்தனை கிலோ எடையை இழுக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். எடை குறைந்த கார் விரைவில் வேகம் எடுக்கும், விரைவில் நிற்கும், வளைவில் எளிதாகத் திரும்பும், பெற்றோலையும் குறைவாகவே குடிக்கும். துடிப்பும் சிக்கனமும் பகைவர்களாகத் தோன்றினாலும், எடைக் குறைவு என்ற ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளே அவை.

இதற்குச் சரித்திரத்தில் ஓர் அழகிய சான்று உண்டு. 1956ஆம் ஆண்டில் சுயஸ் கால்வாய் நெருக்கடி மூண்டபோது பிரித்தானியாவில் பெற்றோலுக்குப் பங்கீடு வந்தது. அந்தத் தட்டுப்பாட்டின் விளைவாக, மொரிஸ் மைனர் காரை முன்னர் உருவாக்கியிருந்த அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர், சிக்கனமான சிறிய கார் ஒன்றை வடிவமைத்தார். என்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, முன் சக்கரங்களையே இழுக்கச் செய்து, சிறிய உடலுக்குள் நால்வருக்கு இடம் கண்டார். 1959 ஆகஸ்டில் வெளிவந்த அந்த மினி காருக்கு 848 கன சென்ரிமீற்றர் என்ஜினும் 34 குதிரைவலுவுமே இருந்தன. சிக்கனத்துக்கெனப் பிறந்த அந்த வண்டியின் துள்ளலைக் கண்ட ஜோன் கூப்பர் என்னும் பந்தயக் கார் நிபுணர் அதற்கு மேலும் வலுவூட்டினார். பனி மூடிய மலைப்பாதைகளில் நடைபெறும் மொன்டி கார்லோ பந்தயத்தில் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மினி கூப்பர் முதலிடம் பெற்றது. மலைப்பாதையில் வெல்வது பெருத்த உடலன்று, சிறுத்த உடலே என்பதை உலகம் அன்று கண்டுகொண்டது.

2022ஆம் ஆண்டில் பெற்றோல் நிலையங்களில் நாட்கணக்கில் வரிசையில் நின்று, பின்னர் கியூஆர் அட்டையின்படி வாரப் பங்கு பெற்ற நமக்கு இந்தக் கதையின் பொருள் நன்றாகவே விளங்கும்.

ஊவா வீதிகள் கேட்பது என்ன?

கொழும்பில் நல்ல கார் என்று பெயர் எடுத்தது ஊவாவிலும் நல்ல காராக இருக்கும் என்பதற்கில்லை. அப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து 1400 மீற்றருக்கு மேலான உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைகிறது. டர்போ இல்லாத சாதாரண என்ஜின், ஒவ்வொரு 1000 மீற்றர் உயரத்துக்கும் தன் வலுவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை இழக்கிறது. கொழும்பில் 60 குதிரைவலு உள்ள கார் அப்புத்தளையில் 52 அளவிலேயே நிற்கும். ஐந்து பேரையும் சாமான்களையும் ஏற்றினால் சிறிய என்ஜின் திணறுவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதே பெரிய சோதனை. எல்லையிலிருந்து வெல்லவாயவுக்கு 30 கிலோமீற்றருக்கும் குறைவான தூரம்; அதற்குள் வீதி 800 மீற்றருக்கு மேல் கீழே இறங்கிவிடுகிறது. மாணவர்கள் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆட்களுடன் சேர்த்து 1000 கிலோ எடையுள்ள கார் 800 மீற்றர் இறங்கும்போது, ஏறக்குறைய 78 இலட்சம் ஜூல் சக்தி வெளிப்படுகிறது. சுமார் 25 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. சாரதி பிறேக்கை மட்டுமே நம்பி இறங்கினால், இவ்வெப்பத்தின் பெரும்பகுதி நான்கு சக்கரங்களின் பிறேக்குகளுக்குள்தான் புக வேண்டும். பிறேக் கட்டைகள் சூடேறிப் பிடிப்பை இழக்கும். பழைய பிறேக் எண்ணெயில் ஈரம் கலந்திருக்குமாயின் அது கொதித்துக் குமிழிவிடும். மிதி அடிவரை போகும், கார் நிற்காது.

எனவே எந்தக் கியரில் ஏறுகிறோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்ற பழைய சாரதிகளின் விதி இன்றும் பொன்னானது. பெற்றோலை மிச்சம் பிடிப்பதாக எண்ணிக் கியரை விடுவித்து உருளவிடுவோரும் உண்டு. அது ஆபத்தானது, இலாபமும் இல்லை. இன்றைய என்ஜின்களில், கியர் பூட்டியிருக்க மிதியிலிருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் பெற்றோல் பாய்வது தானாகவே நின்றுவிடுகிறது. கியரை விடுவித்தால்தான் என்ஜின் தன்னை ஓட்டிக்கொள்ளப் பெற்றோல் கேட்கிறது.

தோட்டப் பாதைகளையும் மறத்தலாகாது. காரின் உடலைத் தாழ்த்தி, அகன்ற அலோய் சக்கரங்களில் மெல்லிய டயர் பூட்டிவிட்டால் பார்வைக்குப் பந்தயக் கார்போலத் தோன்றும். தேயிலைத் தொழிற்சாலைக்குப் போகும் கல்லுப் பாதையில் ஒரு மாதம் ஓடினால் அடித்தட்டு உரசும், டயரின் பக்கச் சுவர் வெடிக்கும், சக்கரம் வளையும். ஏற்கனவே யாரோ தாழ்த்தி ‘அலங்கரித்த’ காரை விலை குறைவென்று வாங்குவது, பிறர் தீர்க்காத கடனை நாம் ஏற்றுக்கொள்வது போலாகும்.

விலையும் கடனும்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. இந்த ஐந்து வருஷ இடைவெளியில் பழைய கார்களின் விலை வாங்கிய விலையையும் தாண்டி ஏறியதை நாம் அறிவோம். இறக்குமதி திறந்த பின்னரும் தீர்வைகளின் பாரத்தால் புதிய கார் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாக் கனியாகவே நின்றது. ஆகவே நம்மில் பெரும்பாலோர் தேடுவது பாவித்த காரைத்தான்.

கையில் உள்ள பணம் முழுவதையும் காரின் விலைக்கே கொடுத்துவிடலாகாது என்பது நம் முதல் ஆலோசனை. பத்தில் ஒரு பங்கையாவது டயர், பிறேக், எண்ணெய் வகைகள் ஆகியவற்றுக்கென ஒதுக்க வேண்டும்.

லீசிங் கடன் எடுப்போர், சொல்லப்படும் வட்டி எந்த முறையில் கணிக்கப்பட்டது என்று கட்டாயம் கேட்க வேண்டும். உதாரணமாக, 20 இலட்சம் ரூபாவை ஐந்து வருஷத்துக்கு, ‘வருஷம் 10 வீதம் மட்டுமே’ என்று நிலையான முறையில் தருகிறார்கள் என வைத்துக்கொள்வோம். வட்டி 10 இலட்சம். மொத்தம் 30 இலட்சம். மாதத் தவணை 50,000 ரூபா. பார்வைக்கு இது 10 வீதமே. ஆனால் மாதந்தோறும் முதலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோமன்றோ? குறைந்துவரும் மீதிக்குக் கணக்கிட்டால் உண்மை வட்டி 17 வீதத்தைத் தாண்டுகிறது. இந்த ஒரு கணக்கைப் பிள்ளைகள் தாளில் போட்டுக் காட்டினால், பல தகப்பன்மாரின் கையெழுத்து ஒரு வாரமாவது தாமதிக்கும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

காரைக் காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது பார்க்கப் போக வேண்டும். விற்பவர் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் சந்தேகிக்க இடமுண்டு. புகை நீலமாக வந்தால் என்ஜின் எண்ணெய் எரிகிறது. வெண்புகை நில்லாமல் வந்தால் குளிரூட்டும் நீர் உள்ளே கசிகிறது. கரும்புகையானால் பெற்றோல் அளவுக்கு மீறிப் பாய்கிறது.

ஓடிய தூரத்தைக் காட்டும் மானியை மாத்திரம் நம்ப வேண்டாம். 40,000 கிலோமீற்றர் ஓடியதென்று மானி சொல்ல, பிறேக் மிதியின் றப்பர் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் மிதியே உண்மை பேசுகிறது. உபரிச் சக்கரத்தின் அடியில் துருவும், கதவு ஓரங்களில் இரண்டாம் பூச்சும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் உண்டு. 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பூ நன்றாக இருந்தாலும் வயது முதிர்ந்த டயர் ஈரமான வளைவில் பிடிக்காது.

என்ஜின் இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் பதிவுச் சான்றிதழுடன் ஒத்திருக்கின்றனவா, அச்சான்றிதழில் ஏதேனும் நிதி நிறுவனத்தின் பெயர் இன்னும் நீங்காமல் இருக்கிறதா என்பவற்றை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உறுதிசெய்த பின்னரே முற்பணம் கொடுக்க வேண்டும். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை அழைத்துச் செல்லும் செலவு, வீண் செலவு ஆகாது.

பாதுகாப்பையும் விலையோடு சேர்த்து எடைபோட வேண்டும். 2014ஆம் ஆண்டில் குளோபல் என்கெப் அமைப்பு, காற்றுப்பை பொருத்தப்படாத இந்தியத் தயாரிப்பான அல்டோ 800, ஸ்விஃப்ட் ஆகியவற்றை மோதவிட்டுச் சோதித்தது. பெரியோர் பாதுகாப்பில் இரண்டுக்கும் ஒரு நட்சத்திரமும் கிடைக்கவில்லை. ஒரே பெயருள்ள காரிலேயே காற்றுப்பை உள்ளதும் இல்லாததும் உண்டு. ஆகவே பெயரைக் கேட்பதோடு நில்லாமல், காற்றுப்பை எத்தனை, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிறேக் உண்டா என்றும் கேட்க வேண்டும்.

நம் தீர்ப்பு

இவை எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்தால், 1000 கிலோவைச் சுற்றிய எடையும், 1.2 அல்லது 1.3 லீற்றர் என்ஜினும், கையால் மாற்றும் கியரும், காற்றுப்பையும் ஏபிஎஸ்ஸும் உள்ள ஐந்து கதவுச் சிறிய காரே நம் மலைநாட்டுக் குடும்பத்துக்கு உகந்தது என்பது நம் அபிப்பிராயம். ஜப்பானிய ஸ்விஃப்ட் இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் ‘ஸ்போர்ட்’ வகை இன்னும் துடிப்பானது. 2017இல் வந்தது 970 கிலோ எடையில் 140 குதிரைவலு கொண்டது. ஆனால் விலையும் உதிரிப்பாகச் செலவும் அதற்கேற்ப உயரும். அன்றாடப் பயணத்துக்கு அத்தனை வலு தேவையுமில்லை.

ஜப்பானின் 660 கன சென்ரிமீற்றர் கார்களில் டர்போ பூட்டியவை 64 குதிரைவலு வரை தருகின்றன. எடை குறைவு, டர்போ இருப்பதால் உயரத்தில் அதிகம் சோர்வதுமில்லை. மூவர் நால்வர் உள்ள சிறு குடும்பத்துக்கு அவை பொருந்தும். டர்போ இல்லாதவற்றை ஐந்து பேருடன் பண்டாரவளை மேட்டில் ஓட்டிப் பார்த்தபின் முடிவு செய்வது நலம். பழைய மினியையும் மொரிஸ் மைனரையும் நேசிப்பவர்கள் அவற்றை ஞாயிற்றுக்கிழமைத் துணையாக வைத்துக்கொள்ளலாம். அதிகாலை அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போகும் பொறுப்பை அவற்றின் தலையில் ஏற்றுவது முறையன்று.

கடைசியாக வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி, நமது தியத்தலாவையில் நடைபெற்ற ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் ஒரு கார் பாதை விலகிப் பார்வையாளர் மத்தியில் பாய்ந்ததில் ஏழு உயிர்கள் பலியாயின. பயிற்சி பெற்ற சாரதிகள் ஓடும் பந்தயத் திடலிலேயே இப்படியென்றால், தேயிலைக் கொழுந்து மூட்டையும் பள்ளிப் பிள்ளையும் எதிர்ப்படும் பொது வீதியில் வேகம் என்ன செய்யும்? 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல-வெல்லவாய வீதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் மாண்டதும் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

துடிப்பான காரின் இன்பம் 100 கிலோமீற்றர் வேகத்தில் இல்லை. 40 கிலோமீற்றர் வேகத்திலேயே வளைவைச் சீராக எடுத்து, சரியான கியரில் ஏறி, பிறேக்கைத் தொடாமலே இறங்கி வரும் கைத்திறனில் இருக்கிறது. அத்திறனைக் கற்றுக்கொள்ள விலை உயர்ந்த கார் தேவையில்லை, பொறுமை போதும். தகப்பனாரின் கணக்கு, தாயாரின் கவலை, மகனின் ஆசை ஆகிய மூன்றும் ஒரே மேசையில் அமர்ந்து பேசி முடிவு செய்யும் வீட்டில், வாங்கப்படும் கார் சிறியதாயினும் அது நெடுந்தூரம் ஓடும்.